பக்க எண் மட்டும் போதாது: நூலகத்தில் புது மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்தம் போடக் கூடாது, அடையாள அட்டையை மறக்கக் கூடாது என்பதெல்லாம் வாசல் போர்டிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுவோம். குமரி மாவட்டக் கல்லூரிகளில் முதல் அசைன்மென்ட் கைக்கு வந்ததும் நூலகத்துக்கு ஓடிவரும் பிள்ளைகள் வருடம் தவறாமல் செய்கிற தவறுகள் வேறு. உள்ளூர் வரலாற்றைத் தலைப்பாக எடுத்தவர்கள்தான் இவற்றில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்றைய பெயரை மட்டும் தேடுவது

கணினிப் பட்டியலில் ‘கன்னியாகுமரி மாவட்டம்’ என்று தட்டிவிட்டு, ஒன்றும் இல்லை என்று எழுந்துவிடுகிறார்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் அப்படியொரு மாவட்டமே கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாவும் இன்றைய தென் கேரளத்தோடு சேர்ந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தவை; 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியில். பட்டியல் எழுத்தைத்தான் பார்க்கும், நீங்கள் மனதில் நினைத்ததைப் பார்க்காது. திருவிதாங்கூர், திருவாங்கூர், டிராவன்கூர், நாஞ்சில் நாடு, பத்மநாபபுரம் என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஆங்கில எழுத்திலும் ஒருமுறை.

ஒரே அலமாரியோடு நின்றுவிடுவது

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி முறையில் தமிழ்நாட்டு வரலாறு 954.82, கேரள வரலாறு 954.83, ஆந்திரம் 954.84. குமரியையும் செங்கோட்டையையும் பற்றிய பழைய செய்திகள் திருவிதாங்கூர் நூல்களுக்குள் இருப்பதால், கேரள அலமாரியைப் பார்க்காமல் தேடல் முடியாது. எண்ணைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 954.105 என்பது 954.8-க்கு முன்னால்தான் நிற்கும். புள்ளிக்குப் பிறகு வருவதை நூற்றைந்து என்று படிக்காமல், இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும்.

எந்த மானுவல்?

நாஞ்சில் நாட்டு நிலவரி பற்றி எழுத வந்த ஒரு மாணவியின் நோட்டில் அரைப்பக்கக் குறிப்பு. அடியில் ‘ஸ்டேட் மானுவல், பக். 312’ என்று மட்டும். “எந்த மானுவல் மக்களே?” என்று நூலகர் கேட்டார். “பச்சை அட்டை போட்டது சார்” என்றாள். பைண்டிங் போய் வந்த பழைய புத்தகங்களில் பாதிக்குப் பச்சை அட்டைதான்.

சமஸ்தானத்தின் வரலாறு, நிலம், வரி எல்லாவற்றையும் தொகுத்துத் தரும் நூல்தான் ஸ்டேட் மானுவல். திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் என்ற பெயரில் இரண்டு தனித்தனி நூல்கள் இருக்கின்றன. வி. நாகமய்யா எழுதி 1906-ல் வந்தது மூன்று தொகுதி. டி. கே. வேலுப்பிள்ளை எழுதி 1940-ல் வந்தது நான்கு தொகுதி. ஆக, அந்த 312-ஐ ஏழு தொகுதிகளிலும் புரட்டித் தேட வேண்டும். அவள் பார்த்தது மறுபதிப்பாக இருந்து, அச்சுக் கோத்த விதமும் மாறியிருந்தால் அதுவும் பலிக்காது. இரண்டு நூலுக்கும் இடையில் 34 ஆண்டு. எந்த நூலின் கணக்கு என்று தெரியாமல் வரி விவரத்தை எழுதினால் அது எந்தக் காலத்து வரி என்றே சொல்ல முடியாது.

இவை குறிப்புதவிப் பிரிவு நூல்கள்; வீட்டுக்குத் தரமாட்டார்கள். திருவனந்தபுரத்துக்கு ரயிலேறிப் போய்ப் பார்த்தவர் என்றால், ஒரு பக்க எண்ணுக்காக இன்னொரு முழு நாள் போகும். ஆதாரமில்லாத பத்தியை வழிகாட்டும் ஆசிரியர் கோடு போட்டு நீக்கிவிடுவார், நீக்குவதும் நியாயம்தான். இரண்டு நிமிட வேலையை விட்டுவிட்டு ஒரு வார உழைப்பை இழக்கிறார்களே என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

புத்தகத்தைத் திறந்ததும், ஒரு வரி படிப்பதற்கு முன்பே இவற்றை எழுதிவிடுங்கள்: ஆசிரியர், முழுத் தலைப்பு, தொகுதி, பதிப்பு, வெளியிட்டவர், ஊர், ஆண்டு, எந்த நூலகம், முதுகில் ஒட்டியிருக்கும் பகுப்பு எண். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் மொபைலில் எடுத்துவைப்பது இன்னும் நல்லது. பதிப்பு விவரம் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும். பிறகு ஏ4 தாளை நான்காகக் கிழித்து, சீட்டுக்கு ஒரு செய்தி. ஒவ்வொரு சீட்டின் மேல் மூலையிலும் ‘நாகமய்யா 1906, தொ. 1, பக். இத்தனை’. நூலின் வாசகத்தை அப்படியே எடுத்தால் அப்போதே மேற்கோள் குறி போடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எது உங்கள் வாக்கியம், எது அவருடையது என்று உங்களுக்கே தெரியாது. அங்கேதான் திருட்டு எழுத்து என்ற பழி வந்து சேர்கிறது.

ஜெராக்ஸில் பக்க எண் வெட்டுப்படுவது

கையோடு ஓரத்தில் பேனாவால் எழுதுங்கள்.

கொல்லம் ஆண்டோடு 825-ஐ மட்டும் கூட்டுவது

பழைய திருவிதாங்கூர் ஆவணங்களில், மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அது சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆங்கில ஆண்டு கிடைக்க, அதிலிருந்து டிசம்பர் 31 வரை 824 கூட்ட வேண்டும். ஜனவரி 1 முதல் ஆண்டு முடியும்வரை 825. எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் 1112 துலாமில், அதாவது நம் ஐப்பசியில் வந்தது. 824 கூட்டினால் 1936, சரி. 825 கூட்டினால் 1937, தவறு. மாதம் குறிக்காமல் ஆண்டை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் எதைக் கூட்டுவது என்பதே தெரியாமல் போகும்.

நூலகரிடம் கேட்கக் கூச்சப்படுவது

கேளுங்கள்.

பார்த்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் செருகுவது

மேசையிலேயே விட்டுவிடுங்கள். 954.83-ல் இருக்க வேண்டியது 945.83-ல் போய் உட்கார்ந்தால், அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை அந்தப் புத்தகம் யார் கைக்கும் கிடைக்காது.