இணைப்பு விமானம் தவறினால் செலவு யார் தலையில்? பயணிகள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து ஃபிராங்க்பர்ட் என்று வைத்துக்கொள்வோம். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். சென்னையில் இறங்குவதற்குள் அடுத்த விமானம் பறந்துவிட்டது. “தாமதம் உங்களால்தானே வந்தது?” என்று பயணி கவுன்ட்டரில் வாதாடுகிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஊழியர் திரையில் முதலில் தேடுவது வேறு: இரண்டு பயணங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கின்றனவா, தனித்தனி டிக்கெட்டா? ஓட்டல் அறை, மாற்று விமானம், இழப்பீடு எல்லாம் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகின்றன. ஆகவே மிகப் பெரிய தவறு விமான நிலையத்தில் நடப்பதில்லை. டிக்கெட் வாங்கும்போதே நடந்துவிடுகிறது.

தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். அப்படி வாங்கினால் முதல் நிறுவனம் உங்களைச் சென்னையில் சேர்ப்பதாக மட்டுமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் ஃபிராங்க்பர்ட் போகிறீர்களா, வீட்டுக்குப் போகிறீர்களா என்பது அதன் கவலை அல்ல. இரண்டாவது நிறுவனத்தின் கணக்கிலோ நீங்கள் நேரத்துக்கு வராத பயணி. இரண்டும் ஒரே நிறுவனத்தின் விமானங்களாக இருந்தாலும், தனி டிக்கெட் என்றால் நிலைமை பெரும்பாலும் இதுதான்.

இணையத்தில் பதிவு செய்பவர்கள் இதில் எளிதாக ஏமாறுகிறார்கள். ஒரே தளத்தில் ஒரே முறை பணம் கட்டி, ஒரே மின்னஞ்சலில் பயணத் திட்டம் வந்தால் அது ஒரே டிக்கெட் என்று நம்பிவிடுகிறார்கள். அந்தத் தளம் இரண்டு நிறுவனங்களின் டிக்கெட்டுகளை ஒட்டவைத்து விற்றிருக்கலாம். ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்ற சொல் எங்காவது பொடி எழுத்தில் இருந்தால் அதுதான் அடையாளம். தளம் தனியாக ஏதாவது உத்தரவாதம் கொடுத்திருந்தாலும் அது தளத்தின் வாக்குறுதி. விமான நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது.

பார்க்க வேண்டியது 13 இலக்க இ-டிக்கெட் எண்ணை. அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும்: 098 என்றால் ஏர் இந்தியா, 603 ஸ்ரீலங்கன், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். இரு பயணங்களுக்கும் அந்த 13 இலக்கமும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. பி.என்.ஆர். எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள் இருந்தால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பி.என்.ஆர். வைத்திருப்பது சாதாரணம்.

நம் நாட்டு விதியும் இதையே பிடித்துக்கொள்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிப்படி, உரிய காலத்தில் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தாலோ, ‘அதே டிக்கெட் எண்ணில்’ பதிவான இணைப்பு விமானம் அதனால் தவறினாலோ, நிறுவனம் மாற்று விமானம் தர வேண்டும். இல்லாவிட்டால் டிக்கெட் பணத்தோடு இழப்பீடும் தர வேண்டும். பறக்கும் நேரம் ஒரு மணி வரை என்றால் ரூ.5,000, இரண்டு மணி வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது: இந்தத் தொகை அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். வெறும் தாமதத்துக்கு இந்த விதியில் ரொக்க இழப்பீடு கிடையாது. சிற்றுண்டி, ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஓட்டல் அறை என்று படிப்படியாகப் போகிறது. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் என்றால் ஆறு மணி நேரத் தாமதத்துக்கே அறை தர வேண்டும். நள்ளிரவில் நாற்காலியில் சுருண்டு படுக்கும் பலருக்கு இது தெரிவதில்லை.

அதே விதியில் இன்னொன்று. தொடர்பு விவரத்தைச் சரியாகக் கொடுக்காத பயணிக்கு இழப்பீடு இல்லை. டிராவல்ஸ்காரர் தன் கைப்பேசி எண்ணையே எல்லா வாடிக்கையாளருக்கும் போட்டுவிடுவது நம் ஊரில் வழக்கம். பதிவானதும் உங்கள் எண்ணை மாற்றச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு விதியை உள்நாட்டில் எதிர்பார்ப்பதும், உள்நாட்டு விதியோடு நிறுத்திக்கொண்டு வெளிநாட்டு உரிமையை விட்டுவிடுவதும் ஒன்றுக்கொன்று சளைக்காத தவறுகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி மிகத் தாராளமானது. ஒன்றியத்திலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் அது பொருந்தும். உள்ளே வருபவற்றில் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். சென்னையிலிருந்து ஜெர்மானிய நிறுவனத்தில் போனால் உண்டு, இந்திய நிறுவனத்தில் போனால் இல்லை. திரும்பி வரும்போது இரண்டிலும் உண்டு. ஒரே பதிவு என்றால் தாமதத்தைக் கடைசி ஊரில்தான் கணக்கிடுவார்கள். 2019ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்று பாருங்கள். பிராகிலிருந்து அபுதாபி வழியாகப் பாங்காக் சென்ற பயணிகளைச் செக் நிறுவனம் அபுதாபியில் சரியான நேரத்தில் சேர்த்துவிட்டது. வேறு நிறுவனம் இயக்கிய இரண்டாவது விமானம்தான் எட்டு மணி நேரம் தாமதம். ஆனாலும் ஒரே பதிவு என்பதால் செக் நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இத்தகைய பயணத்தில் அது 600 யூரோ வரை போகும்.

சரி, ஒரே டிக்கெட்தான் வைத்திருக்கிறீர்கள். மதுரை விமானம் ரத்து. இங்கே பதற்றத்தில் ஒரு தவறு நடக்கிறது: யாரிடமும் சொல்லாமல் டாக்சி பிடித்துச் சென்னைக்கு ஓடுவது. சென்னை கவுன்ட்டரில் உங்கள் டிக்கெட்டின் முதல் பகுதி பயன்படுத்தப்படாமல் கிடக்கும். பல நிறுவனங்களின் நிபந்தனைப்படி அப்போது மீதிப் பகுதிகளும், திரும்பும் பயணம் உட்பட, ரத்தாகிவிடும். சாலை வழியாகப் போவதுதான் புத்திசாலித்தனம் என்றாலும், முதலில் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு டிக்கெட்டைத் திருத்தச் சொல்லி, அதை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்ட பிறகே வண்டி ஏறுங்கள்.

இன்னொரு அவசரம், செயலியில் பளிச்சென்று தெரியும் ‘ரீஃபண்ட்’ பொத்தானை அழுத்துவது. பாதி வழியில் பணத்தைத் திரும்ப வாங்கினால், உங்களை ஊர் சேர்க்கும் கடமை அதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்கும்போதுதான் வலிக்கும். எனக்கென்னவோ அந்தப் பொத்தான் அவ்வளவு பெரிதாக இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

“மூடுபனி, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்ற பதிலோடு திரும்பிவிடுபவர்களும் உண்டு. வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, வேலைநிறுத்தம் போன்ற காரணங்களுக்கு இந்திய விதியில் ரொக்க இழப்பீடு இல்லை. அதற்காக மாற்று விமானமோ டிக்கெட் பணமோ கேட்கக்கூடாது என்று அர்த்தமல்ல. 2010ல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானமே மூடிக்கிடந்தபோதும் உணவும் தங்குமிடமும் தரும் கடமை நிறுவனத்துக்கு இருந்தது என்று 2013ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. எந்திரக் கோளாறும் பொதுவாக அசாதாரணக் காரணமாகாது என்பதும் அதே நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு. காரணம் எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை மறுநாள் மாறிவிடும்.

கைக்காசு செலவழித்தால் ரசீது வேண்டும். இந்தியாவும் சேர்ந்துள்ள மான்ட்ரியல் ஒப்பந்தம், சர்வதேசப் பயணத்தில் தாமதத்தால் வந்த உண்மையான நட்டத்தைக் கேட்க இடம் தருகிறது. இப்போதைய உச்சவரம்பு 6,303 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு). முடிந்த எல்லா ஏற்பாடுகளையும் செய்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பித்துக்கொள்ளலாம். வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தாமதமாக வந்த பெட்டிக்கோ, அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். சாதாரண ஓட்டல் அறைக்கும் சாப்பாட்டுக்கும் பில் நிற்கும். ஐந்து நட்சத்திர அறைக்கு வாதாட வேண்டியிருக்கும்.

தனி டிக்கெட்காரர்களுக்கு வழியே இல்லையா என்றால், முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. ஜம்முவுக்குப் போன ரயில் நான்கு மணி நேரம் தாமதமாகி, ஒரு குடும்பம் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டது. தாமதத்துக்குக் காரணத்தை நிரூபிக்காத ரயில்வே, டாக்சிச் செலவு உட்பட இழப்பீடு தர வேண்டும் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் அது உச்ச நீதிமன்றம் வரை இழுபட்ட வழக்கு. அடுத்த விமானத்துக்கு நான்கைந்து மணி நேர இடைவெளி விட்டுப் பதிவு செய்வதும், ‘இணைப்பு தவறுதல்’ சேர்ந்த பயணக் காப்பீடு எடுப்பதும் அதைவிட மலிவு. பாலிசியில் தனி டிக்கெட்டுகளுக்கும் அது பொருந்துமா என்று படித்துவிட்டு எடுங்கள்.

புகாரை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். டிக்கெட் எண், போர்டிங் பாஸ் படம், ரத்து பற்றிய குறுஞ்செய்தி, ரசீதுகள், கேட்கும் தொகை எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளம் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மதுரைக்காரர் மதுரையிலேயே வழக்குப் போடலாம்.