இரட்டை பூட் கணினி மக்கர் செய்தால் அவசரப்பட்டுச் செய்யக் கூடாதவை

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் (இதுதான் இரட்டை பூட்) வைத்திருக்கும் அக்கா மகன் குடியாத்தத்திலிருந்து போன் செய்தான். "மாமா, லினக்ஸ் போயிடுச்சி. ஆன் பண்ணா நேரா விண்டோஸ்தான் வருது. மொத்தமா ஃபார்மேட் அடிச்சிடட்டுமா?"

"கைய எடுடா. நேத்து இன்னா பண்ணே, அத சொல்லு."

"ஒண்ணும் பண்ணல மாமா. விண்டோஸ் அப்டேட் கேட்டுச்சி, குடுத்தேன்."

விஷயம் அங்கேதான் இருந்தது. எந்த இயங்குதளத்தை முதலில் எழுப்புவது என்ற பட்டியலை இப்போதைய கணினிகளில் மதர்போர்டே வைத்திருக்கிறது. பெரிய விண்டோஸ் அப்டேட் சில நேரம் தன் பெயரை அதில் மேலே ஏற்றிக்கொள்ளும். லினக்ஸ் அழிந்திருக்காது, அதைக் கூப்பிட ஆள் இருக்காது, அவ்வளவுதான். ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலிட் பொத்தானைத் தட்டி, பயாஸ் என்ற மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போய், பூட் வரிசையில் உபுண்டுவை (அவன் வைத்திருக்கும் லினக்ஸ்) மேலே நகர்த்தச் சொன்னேன். இதற்குப் போய் ஃபார்மேட் கேட்கிறான். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் பல இடங்களில் அதையேதான் சொல்வார்கள். அவர்களுக்கு அது அரை நாள் வேலை, நமக்கோ பத்து வருஷத்துப் போட்டோ.

ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் இருப்பதில் பெரிய வசதி ஒன்று உண்டு. ஒன்று படுத்தால் மற்றதைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். விண்டோஸ் மட்டும் தடுமாறி லினக்ஸ் ஒழுங்காக ஓடினால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸுக்குள்ளே இருக்கிறது. இரண்டுமே தடுமாறினால் வன்பொருளைப் பார்க்க வேண்டும். இந்தச் சாட்சியைக் கேட்காமல் விட்டதால் நானே ஒரு கோடையை வீணடித்தேன். சத்துவாச்சாரியில் மாடி அறை, கத்திரி வெயில் நேரம். மதியம் இரண்டு மணி ஆனால் நீலத் திரை. விண்டோஸைப் புதிதாகப் போட்டேன், மறுபடியும் நீலத் திரை. திரும்பவும் போட்டேன். பிறகு ஏதோ யோசனையில் லினக்ஸில் நுழைந்தால், இருபது நிமிஷத்தில் அதுவும் உறைந்து நின்றது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பிராசஸர் மேல் உள்ள ஹீட்சிங்கின் இடுக்குகளில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது, பிரஷ்ஷால் இழுத்தால் பட்டை பட்டையாக வந்தது. தூசியை எடுத்து, புது தெர்மல் பேஸ்ட் தடவியதோடு சரியாகிவிட்டது. வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் இப்படி நடந்தால் விண்டோஸ் சிடியைத் தேடுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவரைத் தேடுங்கள். ராம் மீதும் சந்தேகம் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுப் பார்க்கலாம், மெம்டெஸ்ட் ஓட விடலாம்.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று இரட்டை பூட் வைத்திருந்தவர்கள் பலரை வேறு விதமாகப் படுத்தியது. அதைப் போட்ட பிறகு லினக்ஸைத் திறந்தால் 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று ஒரு வரி வந்தது, கணினி அணைந்தது. அங்கீகாரம் இல்லாத மென்பொருள் கணினியை எழுப்ப விடாமல் தடுக்கும் செக்யூர் பூட் வசதியைக் கொஞ்ச நேரம் அணைத்தால் உள்ளே போக முடிந்தது. ஆனால் அந்த ஸ்விட்சைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டக் கூடாது. வட்டில் உள்ளதை மற்றவர் படிக்க முடியாதபடி விண்டோஸ் போடும் பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினியாக இருந்தால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கிறது. எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் பயாஸில் கை வையுங்கள்.

லினக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்பவர்கள் செய்யும் தவறு வேறு. நம் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் 1981 வரை எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோபுரம் உண்டு, மண்டபம் உண்டு, கருவறையில் சாமி இல்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டுக்குள் போய் லினக்ஸ் பகுதியை மட்டும் அழித்தால் கணினியும் அப்படித்தான் ஆகும். லினக்ஸை எழுப்பும் கிரப் என்ற பூட் லோடரின் வாசல் மட்டும், பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ என்ற சிறு பகுதியில் நிற்கும். அது தேடிப் போகும் கோப்புகள் அழித்த இடத்தோடு போயிருக்கும். அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் கிரப் என்று ஒரு சொல்லும் கர்சரும்தான். இப்படி ஆகிவிட்டாலும் பயப்பட வேண்டாம், பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே வைத்தால் விண்டோஸ் வந்துவிடும். அதை முன்பே செய்துவிட்டு அழித்திருந்தால் இந்தக் கலவரமே இல்லை. தெரிந்தவர் ஒருவர் இன்னொரு படி மேலே போய், "டிரைவ் எழுத்து கூட இல்ல, 100 எம்பிதான இருக்கு" என்று அந்த இஎஃப்ஐ பகுதியையே அழித்தார். இரண்டும் போயின.

எல்லாவற்றிலும் கொடுமை, சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கிடம் வேலை வாங்குவது. காதை வைத்துக் கேட்டால் டிக், டிக் என்று தட்டும், சின்ன ஃபோல்டரைத் திறக்க ஒரு நிமிஷம் ஆகும். இந்த நிலையில் செக்டிஸ்க், எஃப்எஸ்சிகே என்று சரிபார்க்கும் கட்டளைகளை ஓட்டுவது, மூச்சு வாங்கும் ஆளை மலை ஏறச் சொல்வது போலத்தான். அவை வட்டை அலசி, பிழை கண்ட இடத்தைத் திருத்தி எழுதப் பார்க்கும். லினக்ஸை நிறுவாமலே ஓட்டும் லைவ் பென்டிரைவில் கணினியைத் திறந்து, வட்டு தன் உடல்நிலையைக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடம்), பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடம்) ஆகியவற்றின் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் முதல் வேலை நகல் எடுப்பது. டிடிரெஸ்க்யூ என்ற நகல் கருவி படிக்க முடிந்த இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். வட்டு நன்றாக இருந்தாலும், மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது பயன்பாட்டில் திறந்திருக்கும் பகுதியில் எஃப்எஸ்சிகே ஓட்டவே கூடாது.

நகல் எடுக்கும்போது விண்டோஸ் பகுதி படிக்க மட்டும்தான் திறக்கிறது என்று சிலர் பதறுவார்கள். விண்டோஸ் சீக்கிரம் எழுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி செய்யும் வேலை அது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும். வலுக்கட்டாயமாக எழுதத் திறக்காதீர்கள், நகல் எடுக்கப் படிப்பது போதும். இரட்டை பூட் வைத்திருப்பவர்கள் அந்த வசதியை நிரந்தரமாக அணைத்து வைப்பதே நல்லது.

இன்னொன்று. பூட் மெனுவில் ஒரே லைவ் பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று இருக்கும், மற்றது பழைய முறை. விண்டோஸ் எந்த முறையில் போடப்பட்டதோ அதே முறையில் பென்டிரைவையும் திறக்க வேண்டும். மாற்றித் திறந்து கிரப்பை ரிப்பேர் செய்தால் ஒரு மணி நேரம் தண்டம்.

சாயங்காலம் மறுபடியும் போன். "மாமா, லினக்ஸ் வந்துடுச்சி. ஆனா இப்ப விண்டோஸ்ல போனா மணி பதினொண்ணுன்னு காட்டுது." கடிகாரத்தைப் பார்த்தேன், நாலரை. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தையே எழுதச் சொல்ல ஒரு வரிக் கட்டளை போதும், எதையும் கழற்ற வேண்டியதில்லை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. மதர்போர்டு கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி வாங்க பஜாருக்குக் கிளம்பிவிட்டிருந்தான்.