ஒப்பரேஷனுக்கு முன் குளிக்கும்போது செய்யக்கூடாதவை

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் நம் வீடுகளில் நடக்கும் தவறுகளில் ஆகப் பெரியது சவரம். வயிற்றில் வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், டொக்டருக்கு வசதியாக இருக்கட்டும் என்று ரேசரை எடுத்து மழித்துவிட்டுத்தான் பலர் வார்ட்டுக்கு வருகிறார்கள். சிசேரியனுக்குப் போகும் பெண்களுக்கு வீட்டுப் பெரியவர்களே இதைச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. அவர்கள் காலத்தில் வைத்தியசாலையிலேயே மழித்துத்தான் அனுப்பினார்கள், அதனால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பிளேட் ஓடிய இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கீறல் விழுகிறது. ஓர் இரவுக்குள் அந்தக் கீறல்களில் கிருமி பெருகிவிடும். மறுநாள் கத்தி படப்போவதும் அதே இடத்தில்தான். 2016இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது: முடியை அப்படியே விடுங்கள், எடுத்தே ஆகவேண்டுமென்றால் கிளிப்பரால் கத்தரியுங்கள், மழிக்கவே வேண்டாம். அந்த வேலையை வைத்தியசாலையிடமே விட்டுவிடுங்கள். முடி நீக்கும் கிரீமும் தோலைப் புண்ணாக்கலாம், கேட்காமல் பூச வேண்டாம்.

சரி, குளியல் எதற்கு? நம் தோலில் எப்போதும் பற்றீரியாக்கள் இருக்கின்றன. ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்பது ஏறக்குறைய மூன்றில் ஒருவருடைய மூக்கில் சத்தமில்லாமல் வாழ்கிறது. வெளியே இருக்கும்வரை தொல்லையில்லை, வெட்டிய காயத்துக்குள் இறங்கினால் சீழ் பிடிக்கும். எவ்வளவு தேய்த்தாலும் தோலைக் கிருமியே இல்லாததாக ஆக்க முடியாது, எண்ணிக்கையைக் குறைக்கலாம். மீதியைத் தியேட்டரில் பார்த்துக்கொள்வார்கள். அங்கே தோலில் பூசும் கிருமிகொல்லி மருந்திலும் வித்தியாசம் உண்டு. 2010இல் அமெரிக்காவில் 849 பேரிடம் செய்த ஆய்வில், பொவிடோன் அயடின் பூசியவர்களில் 16.1 சதவீதத்தினருக்கும், அல்ககோல் கலந்த குளோர்ஹெக்சிடின் பூசியவர்களில் 9.5 சதவீதத்தினருக்கும்தான் காயத்தில் தொற்று வந்தது.

வீட்டுக் குளியலுக்குச் சாதாரண சவர்க்காரமே போதும். குளோர்ஹெக்சிடின் திரவத்தில் குளித்தால் தொற்று இன்னும் குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே வெள்ளவத்தையில் பாமசி பாமசியாக ஏறி இறங்கி, கிடைக்கவில்லையே என்று கலங்க வேண்டாம். அதற்குப் பதிலாக டெட்டோலைத் தண்ணீர் கலக்காமல் உடம்பில் ஊற்றித் தேய்க்கிறார்கள் சிலர். தோல் எரிந்து சிவந்துவிடும், அந்தத் தோலோடு மேசையில் படுப்பதில் ஒரு நன்மையும் இல்லை.

டொக்டர் குளோர்ஹெக்சிடின் எழுதித் தந்திருந்தால் அதைச் சரியாகப் பாவிக்க வேண்டும். பூசிய கையோடு வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டால் மருந்துக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. முதலில் தலைக்கு ஷாம்பு போட்டு நன்றாக அலசிவிடுங்கள். அப்புறம் உடம்பை நனைத்து, தண்ணீரை நிறுத்தி, திரவத்தைக் கையில் எடுத்துக் கழுத்துக்குக் கீழே பூசுங்கள். அக்குள், தொப்புள், தொடை மடிப்பு, மார்புக்குக் கீழ்மடிப்பு ஆகிய இடங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போத்தலில் போட்டிருக்கிற நேரம் பொறுத்துக் கழுவுங்கள். அதற்கு மேல் வாசனைச் சவர்க்காரம் போடாதீர்கள், தோலில் தங்கி வேலை செய்யவேண்டிய மருந்தை அது செயலிழக்கச் செய்துவிடும். கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும், காதுக்குள் போனால் கேட்கும் திறனே போகலாம், பிறப்புறுப்பின் உட்பகுதியிலும் படக்கூடாது. அரிதாகச் சிலருக்கு இதனால் கடுமையான ஒவ்வாமை வரும். முன்பு இந்த மருந்து பட்டுத் தோல் தடித்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

குளித்து முடித்த பிறகு நடப்பது எனக்கு மிகவும் கவலை தருகிறது. கொழும்புப் புழுக்கத்தில் வியர்க்கும் என்று பவுடர், தலைவலிக்கு சித்தாலேப, தோல் காய்கிறது என்று தேங்காயெண்ணெய், கோயிலிலிருந்து வந்த சந்தனம். வெட்டப்போகும் இடத்தில் இவை எதுவும் வேண்டாம். திருநீறு நெற்றியோடு இருக்கட்டும். இரண்டு நாளாகக் காயாமல் கொடியில் கிடக்கும் துவாயால் துடைத்தால் குளித்த பலன் போய்விடும், தோய்த்துக் காய்ந்த துவாயும் உடுப்பும் எடுங்கள். வியர்த்துவிட்டால் காலையில் மறுபடி குளியுங்கள். நகப்பூச்சையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்று பயந்து, தொடையில் வந்த கட்டியையோ காலில் ஆறாத புண்ணையோ மறைக்காதீர்கள். சீனி வருத்தம் இருந்தால் அளவு ஏறியிருப்பதையும் சொல்லுங்கள், சீனி ஏறினால் காயம் ஆறுவது தாமதமாகும். குறிப்புத்தாள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தலையாட்டிவிட்டு வராமல், ஒவ்வொரு வரியையும் வார்ட்டில் இருக்கும் தாதி மிஸ்ஸிடம் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். காயத்தில் தொற்று 30 நாட்களுக்குள் எப்போதும் தலைகாட்டலாம், உடம்புக்குள் தகடோ செயற்கை மூட்டோ வைத்திருந்தால் இன்னும் பிந்தியும் வரலாம். சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.