மீன் சந்தையில் தொடங்கும் பாகுபாட்டுப் பாடம்

உயிரினங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் பாகுபாட்டின் ஏழு படிகளையும் இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று பலகையில் எழுதிப் பாடமாக்கச் சொன்னால் பிள்ளைகள் பாடமாக்கிவிடுவார்கள், அதில் குறை இல்லை. ஆனால் இறால் மீனா என்று கேட்டுப் பாருங்கள், பாதி வகுப்பு ஓம் என்று சொல்லும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் படிப்பித்தேன். இப்போது அந்த ஏழு சொல்லையும் கடைசியில்தான் எடுக்கிறேன்.

திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தப் பாடத்துக்குப் படம் தேடி அலையத் தேவையில்லை. காலையிலேயே சந்தைக்குப் போய் ஒரு சூரை, சின்னத் திருக்கை ஒன்று, இரண்டு நண்டு, ஒரு பிடி இறால், நாலைந்து மட்டி, ஓடு உள்ள கணவாய் ஒன்று வாங்குங்கள். வெட்டாமல் முழுதாகத் தரச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வியாபாரி பழக்கதோஷத்தில் கணவாயின் ஓட்டை இழுத்து எறிந்துவிடுவார், எங்களுக்கு வேண்டியதே அதுதான். ஐஸ் போட்டுக் கொண்டுபோய் முதல் பாடவேளையிலேயே முடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். மச்சம் தொடாத வீட்டுப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாமல் அவர்களுக்கு வேப்பிலை, முருங்கையிலை, தென்னோலை, புல் என்று ஒரு கட்டு கொடுங்கள்.

அப்புறம் ஐந்து பேராகப் பிரித்து, "கூட்டம் கூட்டமாக வையுங்கோ, ஏன் அப்படி வைச்சனீங்கள் என்று சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் ஆசிரியருக்குக் கஷ்டமான கட்டம். ஒரு குழு பொரிக்கிறது, குழம்பு வைக்கிறது என்று பிரிக்கும், இன்னொன்று விலை கூடினது, குறைந்தது என்று பிரிக்கும். பிழை என்று சொல்லாதீர்கள், அதுவும் ஒரு பாகுபாடுதான், சமையலறையில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: நாளைக்கு நண்டு விலை இறங்கினால் நண்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடுமா? கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு யாராவது ஒரு பிள்ளை "அப்ப உடம்பைப் பார்த்துப் பிரிப்பம்" என்று சொல்லும். சொல்லும்வரை காத்திருங்கள், நீங்கள் சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே செத்துப்போகும்.

இனி இணைக்கவர்ச் சுட்டி, அதாவது கேள்வி கேட்டுக் கேட்டு இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டு போவது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓம், இல்லை என்று இரண்டே வழி. "பெரிசா?" என்ற கேள்விக்கு இடமில்லை, குட்டிச் சூரையும் சூரைதான். முள்ளந்தண்டு உண்டா என்று கேட்டால் சூரையும் திருக்கையும் ஒரு பக்கம் ஒதுங்கும். உள்ளே இருப்பது கடினமான என்பா, வளைகிற கசியிழையமா (குருத்தெலும்பா) என்று விரலால் வளைத்துப் பார்த்தால் அந்த இரண்டும் பிரிந்துவிடும். மற்றப் பக்கத்தில் மூட்டுள்ள கால் உண்டா என்று கேளுங்கள். நண்டுக்குக் கொடுக்கோடு சேர்த்துப் பத்துக் கால், இறாலுக்கும் நடக்கிற கால் ஐந்து சோடி, வயிற்றின் கீழ் நீந்துவதற்கு இருப்பவை வேறு. இரண்டும் ஆத்திரப்பொடா, மூட்டுக்கால் உள்ளவற்றின் கணம். வீட்டுக் கரப்பான்பூச்சியும் அதே கணம் என்று சொன்னால் ஒரு வாரத்துக்கு யாரும் இறால் சாப்பிட மாட்டார்கள், தாய்மார் என்னிடம் முறையிட்டிருக்கிறார்கள்.

மிச்சம் மட்டியும் கணவாயும். இரண்டும் ஒரே கணம் என்று யாரும் நம்பமாட்டார்கள். அப்போது கணவாயைக் கீறி அந்த வெள்ளை ஓட்டை வெளியே எடுங்கள். மட்டிக்கு ஓடு வெளியே, கணவாய்க்கு உள்ளே, உடம்பு இரண்டுக்கும் மெதுமெதுப்பு: மொலஸ்கா, மெல்லுடலிகளின் கணம்.

இலைக் கட்டு வாங்கிய பிள்ளைகளை நரம்பைப் பார்த்துப் பிரிக்கச் சொன்னால் தென்னோலையும் புல்லும் ஒன்றாக வந்து விழும். தென்னை எப்படிப் புல்லாகும் என்று சண்டை வரும், வரட்டும். தொல்காப்பிய மரபியல் வெளியே வைரம் (கடினமான பகுதி) உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது, பனையும் தென்னையும் புல் பக்கம். இன்றைய பாகுபாட்டிலும் இவை புல்லோடு சேர்ந்து ஒருவித்திலைத் தாவரங்கள். அந்தக் காலத்திலேயே எல்லாம் தெரியும் என்று மார்தட்டத் தேவையில்லை, நன்றாக உற்றுப் பார்த்தவர்கள் சில இடங்களில் ஒரே முடிவுக்கு வருகிறார்கள், அவ்வளவுதான்.

கடைசியில் அந்த ஏழு சொல்லும் பெரிசிலிருந்து சின்னதுக்கு இறங்கும் படிகள் என்று விளங்க விலாசம் எழுதச் சொல்லுங்கள்: இலங்கை, கிழக்கு மாகாணம், திருகோணமலை மாவட்டம், பட்டினமும் சூழலும் பிரதேசம், கிராம சேவகர் பிரிவு, தெரு, வீடு. எண்ணிப் பார்த்தால் சரியாக ஏழு. 'சாதி' என்ற சொல் வந்ததும் வகுப்பில் ஒரு நெளிவு வரும், தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அதைப் பேரினம் என்று எழுதுகிறார்கள் என்று சொல்லிக் கடந்துவிடலாம். சாதியையும் இனத்தையும் சேர்த்து எழுதும் இரட்டைப் பெயருக்குத் திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமானை எடுங்கள், அக்சிஸ் அக்சிஸ், சாதிக்கும் இனத்துக்கும் ஒரே சொல் என்பதால் யாருக்கும் மறக்காது. பற்றீரியா, ஆர்க்கியா, யூக்கரியா என்று இராச்சியத்துக்கும் மேலே உள்ள மூன்று பேரிராச்சியங்களை இந்த வயதில் ஒரு வரியில் சொன்னால் போதும்.

அதே மானைத் தாண்டிக் கோணேசர் மலை உச்சிக்குப் போனால் அதிர்ஷ்டம் உள்ள நாளில் திமிங்கிலம் மூச்சு விடுவது தெரியும். இந்தப் பாகுபாட்டு முறைக்கு அடித்தளம் போட்ட லின்னேயஸ் 1735இல் திமிங்கிலத்தை மீன்களோடுதான் வைத்தார், 1758இல் முலையூட்டிகளுக்கு மாற்றினார். இப்போது மானும் திமிங்கிலமும் ஒரே வருணத்தில் இருக்கின்றன, மானுக்குக் குதிரையைவிடத் திமிங்கிலம்தான் கிட்டின சொந்தம். பெரிய ஆளே பிழைவிட்டுத் திருத்தியிருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளைகள் பயப்படாமல் கை உயர்த்துவார்கள். ஒன்று மட்டும், புறாத் தீவிலிருந்து முருகைக்கல் துண்டு கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள், அது தேசியப் பூங்கா, எடுக்கக் கூடாது.

மறுநாள் ஒரு கடற்குதிரைப் படத்தைக் காட்டி எந்தக் கூட்டம், ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். மீன் என்று எழுதினால் ஒரு புள்ளி, பூவும் (செவுள்) செட்டையும் முள்ளந்தண்டும் என்று காரணம் எழுதினால் நாலு.