சரக்கு போயாச்சு, பணம் வரல: வணிக வழக்குக்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

சரக்கை அனுப்பியாயிற்று, பில்லும் போயிற்று, கொடுத்த கெடுவும் தாண்டிவிட்டது, ஆனால் எதிர்ப்பார்ட்டி இப்போது போனையே எடுப்பதில்லை. உடனே எல்லோரும் தேடுவது நல்ல வக்கீலைத்தான். தேடுங்கள், தப்பில்லை. ஆனால் வணிக வழக்கு பார்க்கும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவர்கள் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விதான்: பணம் எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும், அதற்குக் காகிதம் என்ன இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் போனால் முதல் சந்திப்புக்குக் கட்டும் ஃபீஸ் வீண். இந்தியாவில் தொழில் செய்து, முதல் முறையாக இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: தேதியைக் கணக்குப் போடுங்கள்

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் பாக்கிக்கு 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 2024 ஏப்ரல் 10 அன்று சரக்கு கொடுத்து 30 நாள் கடன் என்று ஒப்புக்கொண்டிருந்தால், கெடு முடிவது மே 10, அதிலிருந்து மூன்று வருடம், அதாவது 2027 மே 10. "அடுத்த மாசம் கண்டிப்பா தரேன் சார்" என்று போனில் எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கணக்கு நகராது. அதுவே, இந்த மூன்று வருடம் முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். அதனால்தான் ஆடிட்டர்கள் வருடா வருடம் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் வாங்கச் சொல்கிறார்கள். உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், சண்டை வந்த பிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

படி 2: ஃபைல் தயார் செய்யுங்கள்

பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், டெலிவரி சலான், இ-வே பில், லெட்ஜர், மெயில்கள். எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். இதில் உயிர்நாடி டெலிவரி சலான்தான். அதில் எதிர்ப்பார்ட்டியின் சீலும், வாங்கியவரின் கையெழுத்தும், பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கிறுக்கல் மட்டும் இருந்தால் "எங்க ஆள் யாரும் வாங்கல" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அப்போது வண்டிக்காரரிடம் இருக்கும் லாரி ரசீது, அவர்கள் அந்த பில்லுக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி எடுத்திருந்தால் அந்த விவரம், இவையெல்லாம் கை கொடுக்கும்.

வாட்ஸ்அப் பேச்சை நம்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆம் பிரிவு மின்னணு ஆவணத்தோடு சான்றிதழும் கேட்கிறது. அதில் ஒரு பகுதியைச் சாதனத்தை வைத்திருப்பவரும், இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே அந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள்.

வழக்கில் நம் கைவசம் இருக்கும் ஆவணங்களை வழக்குரையோடு சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும் என்பது வணிக நீதிமன்ற விதி. விட்டுப்போனதைப் பின்னால் நுழைக்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், தகுந்த காரணமும் காட்ட வேண்டும்.

படி 3: ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்

கையெழுத்துப் போடும்போது யாரும் படிக்காத பக்கம் அது. "தகராறு வந்தால் நடுவர் (நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் ஆர்பிட்ரேட்டர்) மூலம் தீர்க்கப்படும்" என்ற ஷரத்து அங்கேதான் இருக்கும், சில சமயம் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதைக் கவனிக்காமல் நேராக வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு தன் முதல் பதிலுக்கு முன்பே 1996 நடுவர் சட்டத்தின் 8-ஆம் பிரிவைக் காட்டி உங்களை வெளியே அனுப்பக் கேட்கலாம். மாதங்கள் போய்விடும். அந்த ஷரத்தில் நடுவரை எதிர்த்தரப்பின் மேனேஜிங் டைரக்டரே நியமிப்பார் என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அப்படி ஒருதலையாக நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் சொல்லிவிட்டது.

படி 4: நோட்டீஸ்

கோபம் வேண்டாம். எந்தெந்த பில், என்ன தேதி, எவ்வளவு பாக்கி, எத்தனை சதவீத வட்டி, எத்தனை நாளில் தர வேண்டும். அவ்வளவுதான். "ஏமாற்றுக்காரர்", "உள்ளே தள்ளுவேன்" என்றெல்லாம் எழுதினால் அவர்கள் பதிலில் அதையே பெரிதாக்குவார்கள். இன்னொன்று, "பாதியாவது கொடுங்க, முடிச்சுக்கலாம்" என்று சமரசம் பேசி அனுப்பும் கடிதத்தில் "எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று மேலே போடாமல் விடாதீர்கள்.

படி 5: எந்தக் கதவைத் தட்டுவது?

என் பார்வையில் நிறைய பேர் பணத்தையும் நேரத்தையும் இழப்பது இங்கேதான்.

நீங்கள் உத்யம் பதிவு செய்த குறு அல்லது சிறு நிறுவனமா? அப்படியானால் 2006 எம்எஸ்எம்இ சட்டத்தை முதலில் பாருங்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறை விசாரிக்கும் தீர்வு மன்றத்தின் உத்தரவை எதிர்த்துப் போக வேண்டுமென்றால் அவர்கள் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். பெரிய கம்பெனிகள் சமரசத்துக்கு இறங்கி வருவதற்கு இந்த ஒரு வரியே போதும். பதிவு சரக்கு கொடுப்பதற்கு முன்பே இருந்ததா என்று வக்கீல் முதலில் கேட்பார், தேதியைத் தயாராக வைத்திருங்கள்.

செக் திரும்பி வந்திருந்தால் தனி ஓட்டம்: திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த பின் பணம் தர அவருக்கு 15 நாள், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார்.

திவால் சட்டத்தைக் காட்டி மிரட்டலாம் என்று யாராவது சொன்னால், குறைந்தது 1 கோடி ரூபாய் பாக்கி வேண்டும் என்பதையும், "சரக்கு சரியில்லை" என்று உங்கள் நோட்டீஸுக்கு முன்பே அவர்கள் எழுதியிருந்தால் மனு நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவை எதுவும் பொருந்தவில்லை என்றால் வணிக நீதிமன்றம். 2018 திருத்தத்துக்குப் பிறகு 3 லட்சம் ரூபாய் மதிப்பிலிருந்தே அங்கே போகலாம்.

படி 6: வழக்குக்கு முன் சமரசம்

அவசர இடைக்கால நிவாரணம் எதுவும் கேட்கவில்லை என்றால், 2015 வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஏ பிரிவுப்படி முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. இதைத் தாண்டிக் குதிப்பதற்காகவே ஒப்புக்கு ஓர் அவசர மனுவைச் சேர்க்கும் பழக்கம் உண்டு, நீதிபதிகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எதிர்ப்பார்ட்டி வரவே இல்லை என்றால் அதற்கான அறிக்கையை வாங்கிக்கொண்டு வழக்குப் போட வேண்டியதுதான். இந்தக் காலம் உங்கள் மூன்று வருடக் கணக்கில் சேராது.

வழக்குப் பதிவாகி, சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் அவர்கள் பதிலுரை தர வேண்டும். நீதிமன்றம் நீட்டித்தாலும் 120 நாளோடு சரி, அதற்கு மேல் அந்த உரிமையே போய்விடும்.

வக்கீலைப் பார்க்கும்போது

கேஸை யார் நேரில் வாதாடப் போகிறார், சீனியர் வைத்தால் அவருக்குத் தனியா, நோட்டீஸ், சமரசம், விசாரணை என்று கட்டம் கட்டமாக எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். "ஜெயிச்சா பத்து பர்சென்ட் கொடுங்க, இல்லைன்னா வேண்டாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், பார் கவுன்சில் விதி அதை அனுமதிப்பதில்லை.

கூடவே அவர்கள் முன்பு கொடுத்த பழைய செக்கின் நகல் ஒன்றையும் ஃபைலில் போட்டு வையுங்கள். டிகிரி (நீதிமன்றத்தின் தீர்ப்பாணை) வாங்கிய பிறகும் அவர்கள் தராவிட்டால் நிறைவேற்று மனு போட்டு வங்கிக் கணக்கை ஜப்தி செய்ய வேண்டியிருக்கும், அப்போது எந்த வங்கி, எந்தக் கிளை என்று கேட்பார்கள்.