ரோமப் பொருளாதாரத்தைத் தொல்பொருள்களிலிருந்து அறிய முயலும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய ரோமைப் பற்றி எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் நிலவுடைமைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். துறைமுகத்தில் எண்ணெய்ச் சாடி சுமந்தவர்களைப் பற்றியோ மாவு அரைத்தவர்களைப் பற்றியோ அவர்கள் அதிகம் எழுதவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது தொல்லியல்தான். ஆனால் மண்ணுக்கடியிலிருந்து நமக்குக் கிடைப்பவை அழியாமல் எஞ்சியவை மட்டுமே. இதை மறந்து, இன்று அதிகமாகக் கிடைக்கும் பொருளே அன்று அதிகமாக விற்ற பொருள் என்று கொள்வதுதான் மற்றப் பல பிழைகளுக்கும் வேராக இருக்கிறது.

ரோம் நகரில் டைபர் ஆற்றங்கரைக்கு அருகே மாண்டே டெஸ்டாச்சோ என்ற குன்று, சுமார் 35 மீட்டர் உயரத்துக்கு உடைந்த அம்போரா எனும் இரு கைப்பிடி மண்சாடிகளாலேயே எழுந்து நிற்கிறது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட சாடிகள் இங்கே கொட்டப்பட்டிருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்றைய தெற்கு ஸ்பெயினிலிருந்த பேட்டிக்கா மாகாணத்தின் ஆலிவ் எண்ணெயைச் சுமந்து வந்தவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 லிட்டர் கொள்ளும். சாடிகளின் மேல் மையால் எழுதப்பட்ட எடை, வணிகர் பெயர், ஆண்டைக் குறிக்கும் கான்சல்களின் (ஆண்டுதோறும் மாறிய ரோமத் தலைமை அதிகாரிகளின்) பெயர் ஆகியவை இன்றும் படிக்கக் கிடைப்பதால், பண்டைய உலகில் இதற்கு ஈடான வணிக ஆவணம் வேறு இல்லை என்றே சொல்வேன். ஆயினும் இக்குன்றை வைத்து ரோம் மக்கள் திராட்சை மதுவைவிட எண்ணெயையே மிகுதியாக இறக்குமதி செய்தார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. எண்ணெய் ஊறிய சாடி சிக்கெடுத்து நாறும் என்பதால் அது மறுபயன்பாட்டுக்கு உதவவில்லை. அதை உடைத்து, சுண்ணாம்பு தூவி, ஓரிடத்தில் அடுக்கினார்கள். மதுச் சாடிகளோ வேறு பல வேலைகளுக்குப் பயன்பட்டு நகரெங்கும் சிதறிப்போயின. மக்களின் அடிப்படை உணவான கோதுமை எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் பெருமளவில் வந்திறங்கியும் இப்படி ஒரு குன்றை விட்டுச்செல்லவில்லை.

கடலடியில் கிடக்கும் கப்பல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மத்தியதரைக் கடலில் கண்டறியப்பட்ட சிதைவுகளை நூற்றாண்டுவாரியாக எண்ணி வரைந்தால், பொது ஆண்டுக்கு முந்தைய முதல் நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டிலும் எண்ணிக்கை உச்சம் தொட்டுப் பிறகு சரிகிறது. அந்தச் சரிவை வணிகத்தின் வீழ்ச்சியாக எடுத்துக்கொள்வது அவசர முடிவு. அம்போராக்கள் ஏற்றிய கப்பல் மூழ்கினால், பிரான்சின் தூலோன் அருகே மாட்ராக் தெ ஜியானில் கிடைத்ததைப் போல, ஆயிரக்கணக்கான சாடிகளின் குவியல் அடிமரத்தைக் காத்து நீச்சல் வீரரின் கண்ணிலும் படும். தானியமோ மரப்பீப்பாய்களோ ஏற்றிய கப்பலில் சரக்கு மட்கிவிடும். மூடிக் காக்கும் குவியல் இல்லாததால் மரத்தையும் கடற்புழுக்கள் தின்றுவிடும். ரோமர்கள் காலப்போக்கில் மதுவுக்குப் பீப்பாய்களை அதிகமாகப் பயன்படுத்தினார்கள். ஆகவே அந்தச் சரிவின் ஒரு பகுதியேனும் சாடிகளின் இடத்தைப் பீப்பாய்கள் பிடித்ததால் வந்திருக்கலாம்.

காசுகளில் தமிழ் வாசகர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கொங்குப் பகுதியில் கிடைத்த தினாரியஸ் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் வெள்ளிக்காசுகளே மிகுதி. எனவே கி.பி. 37இல் திபேரியஸ் இறந்தபின் வணிகம் மங்கியது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கி.பி. 64இல் பேரரசர் நீரோ காசின் வெள்ளியைக் குறைத்த பிறகு, வெளிநாட்டு வணிகர்கள் பழைய, தரமான காசுகளையே கேட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அச்சிட்ட ஆண்டும் வந்துசேர்ந்த ஆண்டும் ஒன்றல்ல. தவிரவும், புதையல் என்பது புதைத்தவர் திரும்ப எடுக்காமல் போன பணம். புழக்கத்திலிருந்த பணத்தின் அளவை அது நேராகக் காட்டாது.

இதனோடு சேர்ந்தே வரும் இன்னொரு பிழை, இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸை (ரோமப் பண அலகு) உறிஞ்சுகிறது என்ற ரோம எழுத்தாளர் பிளினியின் புலம்பலை அப்படியே வரவு செலவுக் கணக்காக ஏற்பது. ஆடம்பரத்தைக் கண்டித்து எழுதியவர் அவர். வியன்னாவிலுள்ள, முசிறி வணிகம் பற்றிய பழைய ஆவணத்தாளான முசிறி பாப்பிரஸோ, ஹெர்மபோலோன் என்ற ஒரே கப்பலின் சரக்கு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் பெறும் என்று காட்டுகிறது. அத்தகைய சரக்கின் மீது நான்கில் ஒரு பங்கை ரோம அரசு சுங்கமாக எடுத்துக்கொண்டது. ரோமின் செல்வம் வடிந்துபோனது என்ற கதையில் இந்த வருமானம் இடம்பெறுவதே இல்லை.

அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு செய்த தொல்லியலாளர் மார்டிமர் வீலர், ரௌலட்டட் எனப்படும், உருளையால் வரிகள் பதித்த மட்கலங்களை மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்தவை என்று கருதினார். அவை இந்தியத் துணைக்கண்டத்திலேயே வனையப்பட்டவை என்பதைப் பிற்கால மண் பகுப்பாய்வுகள் காட்டின. இந்தியாவில் அம்போரா எனப் பதிவான ஓடுகளிலும் ஒரு பகுதி, உட்புறம் நிலக்கீல் பூசிய மெசபடோமியச் சாடிகளுடையது. மட்கல ஓடுகளை மறுபடி பரிசோதிக்காமல் பழைய பட்டியலை நகலெடுப்பவர், வங்கக்கடல் வணிகத்தையும் பாரசீக வளைகுடா வணிகத்தையும் ரோமின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

கிரீன்லாந்துப் பனிப்படலங்களில் உறைந்திருக்கும் ஈயத் தூசும் இப்படித்தான் அளவுக்கு மீறிப் பேசவைக்கப்படுகிறது. அது முதன்மையாக ஸ்பெயின் போன்ற மேற்குப் பகுதிகளில் வெள்ளிக்காக ஈயத்தாது உருக்கியதன் தடம். பேரரசின் மொத்த உற்பத்தியை அளக்கும் கருவி அன்று.

காலக்கணிப்பு ஒன்று பிழைத்தால் ஒரு கோட்பாடே சாய்ந்துவிடும் என்பதற்கு, பிரான்சின் ஆர்ல் அருகே 16 நீர்ச்சக்கரங்களோடு இயங்கிய பார்பெகால் மாவாலை சான்று. அது முன்பு நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்பட்டது. அடிமைகள் குறைந்த பின்னரே ரோமர்கள் இயந்திரங்களை நாடினார்கள் என்ற வாதத்துக்கு அது வலுச்சேர்த்தது. பின்வந்த அகழாய்வுகள் ஆலையை இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு, அதாவது பேரரசு செழித்திருந்த காலத்துக்கே, கொண்டுசென்றன. சக்கரங்களின் மரம் மட்கிவிட்டது. அதன் மேல் படிந்த சுண்ணப் படிவம் எஞ்சியிருக்கிறது. 2018இல் வெளியான ஆய்வு, அப்படிவத்தின் அடுக்குகளைக் கொண்டு, ஆலை கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் ஆண்டுதோறும் நிறுத்தப்பட்டதைக் கண்டறிந்தது. குளிர்காலக் கடற்பயணத் தடைக்கு முந்தைய அம்மாதங்களில் கப்பலுணவுக்கான தேவை குறைந்திருக்கும் என்பதால், ஆலையின் மாவு ஆர்ல் நகரத்தாருக்கான அன்றாட ரொட்டிக்கு அல்லாமல், கப்பலோட்டிகளுக்கான காய்ந்த ரொட்டிக்கே சென்றிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.