செங்கோட்டைச் சாரலில் கிட்டார், பாட்டு, படிப்பு

கிட்டாருக்குக் கை வேண்டும், படிப்புக்கு மேசை வேண்டும், பாட்டு எழுத வாய் போதும். ஆசிரியர் இல்லாமல் கற்பவர்கள் நேரத்தை இதை வைத்தே பிரிக்கலாம். செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கோ, ஆரியங்காவு தாண்டிப் புனலூருக்கோ தினமும் படிக்கப் போகிறவர்கள் எழுத்தைப் பயணத்துக்கு ஒதுக்குங்கள். விடியற்காலை படிப்பு, சாயங்காலம் 25 நிமிடம் கிட்டார்.

அதில் முதல் 5 நிமிடம் சுருதி சேர்க்க. அடுத்த 15 நிமிடம் ஒரே ஒரு கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் பிடி) மாற்றம், உதாரணமாக ஜி-யிலிருந்து சி. தாளம் தட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டில், நாலு தட்டுக்கு ஒரு கார்டு. தொடர்ந்து 10 முறை தடுமாறாமல் வந்த பிறகே 65. மிச்ச நேரம் பிடித்த பாட்டு. குளித்த கையோடு வாசிக்காதீர்கள், ஊறிய விரல் நுனியில் கம்பி பதிந்து வெட்டும். பரீட்சை வாரத்திலும் 10 நிமிடம் விடாதீர்கள். அடியோடு நிறுத்தினால் விரல் காய்ப்பு இளகி, பழைய வலி திரும்பிவிடும்.

பஸ்ஸில் மெட்டை முனகி, முதலில் சொல் வைக்காமல் வெறும் ஒலியாக, தத்தகாரமாக எழுதுங்கள். 'தன தான தானா' என்று வந்தால் 'ஒரு நாளு போனா' அச்சாக உட்காரும். 'ஒரு'வை எடுத்துவிட்டு 'அந்த' போட்டுப் பாருங்கள்: நடுவிலுள்ள 'ந்' முதல் அசையை நீட்டிவிடும், தாளம் இடறும். பலர் இங்கேதான் மெட்டைக் குறை சொல்லி மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது சொல்லை. வரி அமைந்ததும் போனில் பாடிப் பதிந்துவிடுங்கள், வீடு வருவதற்குள் மெட்டு மறந்துபோகும்.

இனி சாரல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் கிட்டார் மரம் ஊதும். மேல்பலகை புடைத்து, கம்பி உயரும், அழுத்தக் கை வலிக்கும். வாசித்ததும் கம்பியைப் பருத்தித் துணியால் துடைத்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு மூடி வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்; 12-வது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே இடைவெளி சுமார் 2.5 மில்லிமீட்டர் இருக்கலாம். கூடிவிட்டதென்று சாரலிலேயே சேடிலை (மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) தேய்க்கக் கொடுக்காதீர்கள். வெயில் காலத்தில் பலகை இறங்கியதும் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். அப்புறம் புது சேடில்தான் வாங்க வேண்டும்.